நாலு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்

ஆடித் தள்ளுபடி சமயத்தில் பெரிய ஜவுளிக்கடைக்குள் போனவர்கள் கவனித்திருக்கலாம். பிற்பகல் மூன்றரை வாக்கில், புடவை செக்‌ஷனில் நிற்கும் பெண்களில் இரண்டு பேர் மட்டும் கண்ணாலேயே பேசிக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்குவார்கள். இருபது நிமிடத்தில் வாயைத் துடைத்தபடி திரும்பி ஓடி வருவார்கள். அவர்கள் வந்து நின்ற பிறகுதான் அடுத்த இரண்டு பேர் நகர முடியும். கடைசி ஜோடி சாப்பிடப் போகும்போது நாலரை ஆகியிருக்கும். காலை ஒன்பதரைக்கு வந்து நின்றவர்கள் அவர்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் நாலு வருஷம் இப்படி ஒரு கடையில் வேலை பார்த்தார். "கடைசி பேட்ச்சுல மாட்டினா சாம்பார் இருக்கும், கூட்டு இருக்காது" என்பார். ஒருநாள் அவரிடம், நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவேளை விடாமல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது தெரியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் கவர்மென்ட் ஆபீசுக்கு இருக்கும்ணே."

அங்கேதான் வேடிக்கை. நான் சொன்ன சட்டம் அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. அது அவர் நின்ற கடைக்கென்றே எழுதப்பட்ட சட்டம்: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். சுதந்திரம் வந்த அதே வருடம், அன்றைய சென்னை மாகாணத்தில் போட்டது.

அந்தச் சட்டம் சொல்லும் கணக்கு எளிது. கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் கொடுத்தால்கூட நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அப்புறம்தான் நம் விஷயம் வருகிறது: குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு இடைவேளை கொடுக்காமல், ஒருவரிடம் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒன்பதரைக்கு வந்தவருக்கு ஒன்றரைக்குள் இடைவேளை விட்டாக வேண்டும், அதுவும் முழுதாக ஒரு மணி நேரம். இருபது நிமிடமும் நாலரை மணியும் இந்தக் கணக்கில் எங்கும் வராது.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. "வேலை வாங்கக் கூடாது" என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. வேலை செய்ய விடவும் கூடாது என்கிறது. "நான் எங்கே கட்டாயப்படுத்தினேன்? அவளாகத்தான் இடைவேளை வேண்டாம், ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகிறேன் என்றாள்" என்று முதலாளி சொன்னால் அது பதிலாகாது. தொழிலாளியே மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும் இடைவேளை விட்டுப்போகாது. சம்பளம், லீவு போலக் கேட்டு வாங்கும் பொருளாக இதைச் சட்டம் வைக்கவில்லை. இத்தனை மணி ஆனால் வேலை நின்றாக வேண்டும் என்று நிர்வாகத்துக்குப் போட்ட தடையாக வைத்திருக்கிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிற இடத்தில் "சம்மதம்" எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

தொழிற்சாலைக் கணக்கு வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்வதற்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை வேண்டும் என்றது. மாநில அரசோ தலைமை ஆய்வாளரோ காரணத்தை எழுதி உத்தரவு போட்டால் அந்த ஐந்து, ஆறு மணி வரை போகலாம் என்று இருந்தது. அதற்கு மேல் இல்லை. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்பது அதன் வரம்பாக இருந்தது. ஆலை வாசலில் கண்ணாடி போட்ட பலகையில் மங்கலான ஒரு தாள் ஒட்டியிருக்குமே, ஷிப்ட் எத்தனை மணிக்கு ஆரம்பம், இடைவேளை எத்தனை முதல் எத்தனை வரை என்று? அது அலங்காரத்துக்கு இல்லை. வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும், ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், அதில் உள்ளபடிதான் வேலை வாங்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. ஆய்வாளர் வந்தால் அந்தத் தாளையும் ஆட்கள் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பஸ், லாரி ஓட்டுபவர்களுக்கு 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், பீடி சுற்றும் கூடங்களுக்கு 1966-இன் சட்டம் எல்லாம் ஐந்து மணி, அரை மணி என்ற அதே அளவைத்தான் பிடித்துக்கொண்டன. கடைக்காரச் சட்டம் மட்டும் ஏன் நாலுக்கு ஒன்று என்று இரண்டு மடங்கு தாராளமாக இருக்கிறது? என் ஊகம்: மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து வருவது அன்றைய கடைத்தெருவின் வழக்கம். சிறு ஊர்களில் இன்றும் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கி மூன்றரைக்குத்தான் ஏறும். சட்டம் எழுதியவர்கள் கண்முன் இருந்தது அந்தக் கடையாக இருக்கலாம். நாலு மாடி, எஸ்கலேட்டர், ஏசி வைத்த கடையை அவர்கள் பார்த்திருக்கவில்லை.

வெளிநாட்டோடு ஒப்பிட்டால் எழுத்தளவில் நாம் பின்தங்கவில்லை. பிரிட்டனில் 1998-இன் வேலை நேர விதிகள்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிடம். அமெரிக்காவில் பெரியவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவான விதியே கிடையாது. மாநிலங்கள் சில தனியாக வைத்திருக்கின்றன. ஆக, புத்தகத்தில் நம்முடையது நல்ல சட்டம். புத்தகத்தில்.

பெரம்பூரில் ஒரு மதியம்

இந்த அரை மணி நேரம் சும்மா வந்ததில்லை. 1881-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த முதல் தொழிற்சாலைச் சட்டத்தில் பெரியவர்களுக்கு ஒரு நிமிட ஓய்வுகூடக் கிடையாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை, ஒரு மணி நேர இடைவேளை. (ஏழு வயதில் ஆலை வேலையா என்று கேட்காதீர்கள், அதற்கு முன்னால் அந்த வரம்பும் இல்லை.)

1884-இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி, ஏறத்தாழ 5,500 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றைத் தயாரித்தார். அதில் இருந்தவை பெரிய கனவுகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நடுப்பகலில் அரை மணி நேரம் ஓய்வு. காலை ஆறரைக்குத் தொடங்கிய வேலை சூரியன் மறைந்தால் முடிய வேண்டும். சம்பளம் மாதம் பதினைந்துக்குள் கைக்கு வர வேண்டும். ஏழு வருடம் கழித்து 1891 சட்டத்தில் வார விடுமுறையும் நடுப்பகல் அரை மணி நிறுத்தமும் இடம்பெற்றன. இன்று நாம் பேசும் அரை மணியின் மூதாதை அதுதான்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர் என்பதும் தெரிந்ததே. ஆனால் அதற்கு விதை போட்டவர்கள் ஆலைக்குப் பக்கத்தில் வியாபாரம் செய்த இரண்டு பேர்: செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் அவர்களிடம் வந்து கொட்டிய குறைகளில் ஒன்று சாப்பாட்டு நேரம். அரை மணி நேரம் போதவில்லை, கூட்ட வேண்டும் என்பது அந்தச் சங்கம் முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று.

அரை மணி எப்படிப் போதாது என்று கேட்பவர், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சங்கொலிக்கு ஒரே வாசலை நோக்கி நகர்வதை நினைத்துப் பார்க்க வேண்டும். கை கழுவும் குழாயில் வரிசை. சாப்பாட்டுத் தூக்கைத் தேடி எடுக்க வேண்டும். உட்கார இடம் பிடிக்க வேண்டும். திரும்பவும் வாசல், திரும்பவும் வரிசை. அரை மணியில் சோற்றில் கை வைத்திருக்கும் நேரம் பத்து நிமிடம் தேறினால் அதிகம். இன்றும் கேன்டீன் உள்ள பெரிய ஆலைகளில் சண்டை நடப்பது அரை மணிக்காக இல்லை. மெஷினிலிருந்து கேன்டீனுக்கு நடக்கும் நேரம் யார் கணக்கில் என்பதற்காகத்தான். சட்டம் "ஓய்வு இடைவேளை" என்கிறது. நடைக்கு அது தனிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

நீட்டினாலும் கெட்டது

இடைவேளை குறைந்தால்தான் கஷ்டம் என்று நினைப்போம். அதிகமானாலும் கஷ்டம் என்பது ஓட்டல் ஆட்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு டிபன் வேலை. பதினொரு மணிக்கு "போய் ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்பார்கள். மறுபடி சாயங்காலம் நாலு மணியிலிருந்து இரவு பத்து, பத்தரை வரை. நடுவில் ஐந்து மணி நேரம் ஓய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்து கடைக்கு மேல்மாடியில் தங்கியிருப்பவர், அந்த ஐந்து மணி நேரத்தில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கிடப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? பதினாறு மணி நேரம் அவரைக் கடையோடு கட்டிப்போட்டுவிட்டு, பதினொரு மணி நேரத்துக்குச் சம்பளம்.

இதைத் தடுக்கத்தான் சட்டத்தில் இன்னொரு வேலி. முதல் நிமிடம் தொடங்கி கடைசி நிமிடம் வரை, இடைவேளைகளையும் சேர்த்து, ஒரு நாளின் வேலை மொத்தமாக எவ்வளவு நேரம் பரவலாம் என்பதற்கு உச்ச வரம்பு. தொழிற்சங்கக்காரர்கள் இதை "ஸ்பிரெட் ஓவர்" என்றே சொல்வார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தில் அது பத்தரை மணி நேரமாக இருந்தது. காரணம் காட்டி அனுமதி வாங்கினால் பன்னிரண்டு வரை. தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலும் பன்னிரண்டு. ஓட்டல்களுக்கு 1958-இல் தனியாகவே ஒரு சட்டம் வந்தது. இடைவேளையின் கீழ்வரம்பையும் இந்த மேல்வரம்பையும் சேர்த்துப் படித்தால்தான் சட்டத்தின் நோக்கம் பிடிபடும்: ஓய்வு கிடைக்க வேண்டும், ஆனால் ஓய்வு என்ற பேரில் ஆளின் நாள் முழுவதையும் விழுங்கிவிடக் கூடாது.

சரி, இடைவேளை என்று பேருக்கு விட்டுவிட்டு, "கவுன்டரிலேயே சாப்பிடு, ஆள் வந்தா பில் போடு" என்றால் அது இடைவேளையா? ஓய்வு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்குமானால், இல்லை. அந்த நேரத்தில் ஆள் முதலாளியின் ஏவலில் இருக்கிறாரா, தன் இஷ்டத்தில் இருக்கிறாரா என்பதே கேள்வி. இதற்கு அழகான விடை மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்தது. பஸ் ஒரு டிரிப் முடிந்து ஸ்டாண்டில் நிற்கிறது. அடுத்த டிரிப்புக்குப் பத்து நிமிடம். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கிறார்கள். அது ஓய்வா, வேலையா? ஸ்டாண்டில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அது வேலை நேரத்தில் சேரும் என்று வரையறையிலேயே எழுதிவைத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கணக்கைப் பார்த்து, டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வாயில் வைக்கும் டீ எப்படிப்பட்டது என்று தெரிந்த யாரோ எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் எந்தச் சட்டமும் நேராகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் கேட்ட கதைகளில் பாதி அங்கேதான் முட்டி நிற்கின்றன. இடைவேளைக்குப் போகிறவரின் இடத்தில் யார் நிற்பது? ஏடிஎம் வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு அரை மணி நேர ஓய்வு உண்டு என்று எழுதிவிடலாம். அவர் எழுந்து போனால் வாசலில் யார்? மருந்துக்கடையில் இரவு ஷிப்டில் ஒரே ஒரு பெண். நூற்பாலையில் நூல் நூற்கும் மெஷினான ரிங் பிரேம் இத்தனைக்கு ஒரு ஆள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அவர் சாப்பிடப் போனால் இழை அறுந்து தொங்கும். அதனால் பக்கத்து மெஷின்காரி இரண்டையும் பார்த்துக்கொள்வார். ஒருவரின் ஓய்வு இன்னொருவருக்கு இரட்டை வேலை. ரிலீவர் என்று ஒரு ஆளைப் போட்டால் தீர்ந்துவிடும். அது ஒரு சம்பளம். இடைவேளை பற்றிய தகராறுகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு சம்பளம்தான். நிர்வாகத்துக்கு அரை மணி நேரம் கொடுக்க மனமில்லை என்பதைவிட, அந்த அரை மணிக்கு ஆள் வைக்க மனமில்லை என்பதே உண்மைக்குக் கிட்டே வரும்.

உட்காருவதும், ஒதுங்குவதும்

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் சின்னச் சின்னக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதன் விளைவு என்ன என்பதை மருத்துவர்கள் சொல்லத் தேவையில்லை. தையல் வேலை பார்த்துவந்த விஜி என்பவர் அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறையில் ஆரம்பித்த பேச்சு நாற்காலிக்குப் போனது. ஜவுளிக்கடைகளில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்று இருந்த கட்டுப்பாட்டுக்கு எதிராகப் பல வருடம் போராடினார்கள். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இடம் தர வேண்டும் என்று எழுதியது.

மூன்று வருடம் கழித்து நம் சட்டமன்றமும் அதைச் செய்தது. 2021 செப்டம்பரில் நிறைவேறிய திருத்தத்தால் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அது உதவ வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. ஆலைகளில் நின்றபடி வேலை செய்வோருக்கு இதே வசதி 1948-லிருந்தே சட்டத்தில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கடைக்கு வர எழுபத்து மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

வந்த பிறகு என்ன ஆயிற்று? ஸ்டூல் வந்தது. போன மாதம் ஒரு கடையில் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அட்டைப் பெட்டி. ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்ட ஸ்டூல் இருக்கிறது. உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் பார்ப்பார். இருக்கை வாங்கச் சொல்லும் சட்டத்தை நிறைவேற்ற இருக்கை வாங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் சில கடைகளில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் பெண்கள் இயல்பாக உட்கார்ந்திருப்பதை இப்போது பார்க்கிறேன். பத்து வருடம் முன்பு அதுகூட இல்லை.

கழிப்பறைக்குப் போவது தனி விஷயம். அதை இடைவேளைக் கணக்கில் சேர்ப்பதே தவறு. தொழிற்சாலைகள் சட்டம் கழிப்பறை பற்றிச் சொல்லும்போது, தொழிலாளர் ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரத்திலும் போய்வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. "எல்லா நேரத்திலும்" என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பாருங்கள்: லைனுக்கு இரண்டே டோக்கன், டோக்கன் கையில் இருந்தால்தான் போகலாம், ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் பெயர் எழுதுவோம் என்ற ஏற்பாடு அதோடு எப்படி ஒட்டும்?

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இன்னும் ஒரு சலுகை உண்டு, அதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. பேறுகாலச் சலுகைச் சட்டம் 1961-லேயே, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலே இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைக் கொடுத்தது. 2017-இல் செய்த திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்றது. பழைய தொழிலாளர் சட்டங்களைத் திரட்டி மத்திய அரசு கொண்டுவந்த நாலு புதிய தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வேலை செய்பவருக்குக் காப்பகம் இல்லாமல் அந்த இரண்டு இடைவேளையால் என்ன பயன் என்பது நியாயமான கேள்விதான்.

டீ யார் கொடுத்தது?

மேலே சொன்ன எந்தச் சட்டத்திலும் காலை பதினொரு மணி டீயைப் பற்றி ஒரு வரி இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் டீ, வடைக்கு மெஷின் நிற்பது வழக்கத்தால் வந்தது. பெரிய ஆலைகளில் நிர்வாகமும் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால் வந்தது. அப்படியானால் நினைத்தபோது நிறுத்திவிடலாமா? முடியாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், வேலை நேரத்தையும் ஓய்வு இடைவேளைகளையும் மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டிய விஷயங்களின் பட்டியலில் வைத்தது. அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. "திங்கட்கிழமையிலிருந்து டீ டைம் கட்" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டில் எழுதிப்போட்டால், அந்தப் போர்டே சங்கத்துக்கு நல்ல ஆவணம். போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

இடைவேளைக்குச் சம்பளம் உண்டா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஆலைச் சட்டம் வேலை நேரத்தைத் தனியாகவும், இடைவேளையையும் சேர்த்த மொத்த நேரத்தைத் தனியாகவும் எண்ணியதால், சாப்பாட்டு அரை மணி அந்த ஒன்பது மணிக்குள் சேரவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இதனால் வித்தியாசம் தெரியாது. மணிக்கணக்கிலும், உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டிலும் வாங்குபவருக்குத் தெரியும். அவர்கள்தான் இட்லியை விழுங்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் மெஷினுக்குத் திரும்புகிறவர்கள். பீஸ் ரேட்டில் ஓய்வைப் பறிக்க சூப்பர்வைசர் தேவையில்லை. ரேட்டே பறித்துவிடும்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது?

2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 65-ஏ என்ற புதிய பிரிவு. வெளியில் "12 மணி நேர மசோதா" என்றுதான் பேசப்பட்டது. ஆனால் அது விலக்குத் தரக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் 55-ஆம் பிரிவும், அதாவது இந்த அரை மணி நேர இடைவேளையும் இருந்தது. அரசு நினைத்தால் அறிவிக்கை மூலம் எந்த ஆலைக்கும் விலக்குத் தரலாம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாள் நிறுத்திவைப்பு. மே 1-ஆம் தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடி ஏற்றிச் சரியாக நூறு வருடம் ஆன நாள் அது.

அந்தச் சத்தம் அடங்கியபின் வந்த பெரிய மாற்றம் அவ்வளவு சத்தம் எழுப்பவில்லை. 2025 நவம்பர் 21-இல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டம், தோட்டச் சட்டம், போக்குவரத்துச் சட்டம், பீடிச் சட்டம் எல்லாம் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புக்குள் போய்விட்டன. அந்தத் தொகுப்பு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று திட்டமாக எழுதுகிறது. இடைவேளையைப் பற்றி மட்டும், உரிய அரசு அறிவிக்கும்படி இருக்கும் என்று விட்டுவிடுகிறது. ஐந்து மணி, அரை மணி என்ற எண்கள் சட்டத்தின் உடம்பிலிருந்து இறங்கி அரசு அறிவிக்கைக்கு வந்துவிட்டன. நடைமுறையில் நாளைக்கே எதுவும் மாறாமல் இருக்கலாம். ஆனால் சட்டத்தில் உள்ள எண்ணை மாற்ற சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக வேண்டும், அங்கே யாராவது எழுந்து கத்துவார்கள்; 2023-இல் நடந்தது அதுதான். அறிவிக்கையை மாற்ற ஒரு கோப்பு போதும். எனக்கு இதில் உள்ள ஒரே கவலை அதுவே. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தொகுப்பை மீறினால் பொதுவாக இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய தொகைகளோடு பார்த்தால் இது உறைக்கும்.

கடைகள் சட்டம் மாநிலச் சட்டம். அந்தத் தொகுப்பு அதை ரத்து செய்யவில்லை. நாலுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. 2019-இல் அரசாணை போட்டு, 2022-இல் நீட்டித்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தபோதும் அது கடைக்குக் கிடைத்த அனுமதிதான், ஆளுக்கு இல்லை.

இந்த எந்தக் கணக்கிலும் வராத ஒருவர் நம் தெருவிலேயே நிற்கிறார். சாப்பாடு கொண்டுவரும் டெலிவரிப் பையன். அவருக்கு ஷிப்ட் கிடையாது, ஆகவே இடைவேளையும் கிடையாது. செயலியை அணைத்தால் ஓய்வு, அணைத்தால் வருமானமும் இல்லை. 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் அவர்களுக்கென்று குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்காரலாம், போனுக்கு சார்ஜ் போடலாம், கழிப்பறை உண்டு. இடம் கிடைத்துவிட்டது. நேரத்தை யார் கொடுப்பது என்பதற்கு மாநகராட்சியிடம் பதில் இருக்க முடியாது.

புகார் என்று வந்தால், ஆலைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடைக்குத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர். ஒன்று மட்டும் கையில் வேண்டும்: எத்தனை மணிக்கு வேலையில் நின்றேன், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்று நாள்வாரியாக எழுதிய குறிப்பு. கைரேகை மெஷின் வந்த நேரத்தையும் போன நேரத்தையும்தான் காட்டும். நடுவில் நடந்தது அதில் இருக்காது.

இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "மணி எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? போனை வாசல்லயே வாங்கி வச்சுடுவாங்க. கடைக்குள்ள கடிகாரமும் கிடையாது. பசி எடுத்தா பன்னெண்டரை. பசி செத்துப்போச்சுன்னா மூணு."